'ஒன் ஆஃப் தி'க்குப் பிறகு

திங்கள்

கார்த்திகை நெருங்குகிறது; விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்குக்கு ஆர்டர் குவிகிற காலம். என்னிடம் ஆங்கிலம் படித்த ஒருவர் அங்கே விளக்கும் பொம்மையும் செய்கிற சிறு யூனிட் நடத்துகிறார். புது லெட்டர்பேடின் மாதிரித் தாளோடு வந்தார். "அச்சுக்குப் போகுது சார், ஒரு தடவ பாத்துடுங்க." யூனிட் பெயருக்குக் கீழே, 'ஒன் ஆஃப் தி லீடிங் மேனுஃபேக்சரர்'. கடைசியில் 'எஸ்' இல்லை. சேர்த்தேன்.

"நாங்க ஒரே யூனிட்தானே சார், எதுக்கு எஸ்?"

நியாயமான கேள்விதான். பலர் நிற்கிற கூட்டத்திலிருந்து ஒருவரைக் காட்டுகிறோம். கூட்டமே ஒற்றை ஆள் என்றால் யாரிலிருந்து யாரைக் காட்டுவது?

செவ்வாய்

நன்றாகப் படித்தவர்களும் இந்த 'எஸ்'ஸை ஏன் விடுகிறார்கள்? பள்ளிக்கூடத்தைத் திட்டுவது சுலபம். எனக்கென்னவோ தமிழ் இலக்கணத்தின் மேல்தான் சந்தேகம். 'மாடு வந்தது' என்றாலும் சரி, 'மாடு வந்தன' என்றாலும் சரி. இப்படி ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பவற்றை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. சூளையடியில் 'நூறு பொம்மை வெந்திருக்கு' என்பதுதான் பேச்சு. 'நூறு பொம்மைகள்' என்றால் வானொலிச் செய்தி வாசிப்பது போலிருக்கும். எண் சொன்ன பிறகு 'கள்' எதற்கு? அந்த வழக்கம்தான் ஆங்கிலம் எழுதும்போதும் கூடவே வருகிறது.

உயர்திணைக்கு இந்தச் சலுகை இல்லையே, பிறகு பலர் எழுதுகிற 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' எப்படி வந்தது? மனதுக்குள் ஓடுவது 'என் நண்பர் ஒருவர்'. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று நினைத்துவிட்டு எழுதினால் 'ஃப்ரெண்ட்ஸ்' தானே வரும்.

வியாழன்

அதே யூனிட்காரர் லாரி ஆபீசுக்கு எழுதிய புகார்க் கடிதமும் இன்று என் பார்வைக்கு வந்தது: 'ஒன் ஆஃப் தி கார்ட்டன்ஸ் ஆர் டேமேஜ்டு'. 'எஸ்' வந்துவிட்டது, வினை கெட்டுவிட்டது. சேதமானது ஒரு பெட்டி, ஆகவே 'இஸ்'. நடுவிலிருக்கும் 'ஆஃப் தி கார்ட்டன்ஸ்' என்பதை விரலால் மறைத்துப் படித்தால் 'ஒன் இஸ்' என்று கண்ணுக்கே தெரியும்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. 'விருத்தாசலம் இஸ் ஒன் ஆஃப் தி டவுன்ஸ் தட் மேக் செராமிக் டால்ஸ்.' இங்கே 'மேக்ஸ்' அல்ல, 'மேக்'. பொம்மை செய்பவை பல ஊர்கள். அவற்றில் இது ஒன்று. இதில் ஆங்கிலேயர்களே சறுக்குவதைக் கண்டு, ஃபௌலர் 1926இல் வெளியிட்ட தம் ஆங்கில மொழிவழக்கு அகராதியில் கண்டித்தார். இன்னமும் சறுக்குகிறார்கள்.

சனி

'எஸ்' சேர்த்த பிறகும் லெட்டர்பேடின் அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. 'லீடிங்' என்று போடாத கம்பெனி எது? நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கிற வெள்ளைக் களிமண், பிளாஸ்டர் அச்சில் வார்த்த பொம்மை, கார்த்திகை விளக்கு என்று செய்வதைச் சொன்னால் வாங்குகிறவருக்கு ஏதாவது புரியும். அடித்துவிடச் சொன்னேன். லெட்டர்பேட் அச்சடிக்கப் போகிறவர்களே, அந்த வரி வேண்டவே வேண்டும் என்றால் 'எஸ்'ஸோடு போடுங்கள்; இல்லாவிட்டால் முழுசாக எடுத்துவிடுங்கள்.