கழற்றாமல் விட்டவை

2024 பிப்ரவரி 10, சனி. கோவென்ட்ரி

வண்டி வந்து சேர்ந்தது, வாடகை டிரெய்லரின் முதுகில். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500, 1976ஆம் வருடத்து வண்டி. பதிவுப் புத்தகத்தில் நிறம் மஞ்சள் என்று இருக்கிறது. விற்றவரின் கராஜில் இருபது வருடத் தூசியோடு கிடந்ததைப் பார்த்தபோது அதை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. வண்டி 900 பவுண்டு, டிரெய்லர் 60.

இந்தக் காருக்கென்று நான் ஒதுக்கியது மொத்தம் 2,500. மாணவர் விசாவில் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் சம்பள வேலை பார்க்க முடியாது. அதனால் அந்தத் தொகை ஏறப்போவதில்லை. காரை வைக்க வாடகைக் கராஜ், மாதம் 45. அதற்குள் விளக்கு கிடையாது, தண்ணீர் கிடையாது. கதவு உண்டு.

பகலில் நான் செய்வது மின்கார் பேட்டரி ஆய்வு. ஆய்வகத்தில் விஷயம் தெரிந்து இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். 2,500 பவுண்டுக்கு அவர்கள் எனக்கு ஒரு மின்கார் காட்டட்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு காந்தம், ஒரு டார்ச். இவ்வளவுதான் இன்றைய சோதனைக்கூடம்.

காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத இடமெல்லாம் பட்டி. கதவுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சில் பகுதியில் காந்தம் வழுக்கிக்கொண்டே போகிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்குகிறது. யாரோ பழைய துருவின் மேலேயே புதுத் தகடு மூடி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சேசிஸ் மட்டும் தட்டிப் பார்த்த இடமெல்லாம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கிறது.

மாலையில் பெரியப்பாவுக்கு வீடியோ கால். வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது மூடிய பிறகு குரோம்பேட்டையில் சொந்தமாக ஷெட் போட்டவர். போனை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் குரலே மாறிவிட்டது.

"அட, இது நம்ம ஹெரால்டும்மா!"

தவறில்லை. ஸ்பிட்ஃபயரின் அடிப்படை ட்ரையம்ப் ஹெரால்டுதான். அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 948 சிசி இன்ஜினோடு செய்தார்கள். முன் சஸ்பென்ஷன், பின்னால் டிஃபரன்ஷியல் மேல் குறுக்கே உட்கார்ந்திருக்கும் லீஃப் ஸ்பிரிங், சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் அரை ஆக்ஸில், முன்பக்கமாக முழுதாகத் திறக்கும் பானெட், எல்லாம் ஒரே வம்சம். அந்த ஆடும் ஆக்ஸிலைத்தான் பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கஸல் காரில் எடுத்துவிட்டு சாதாரண நேர் ஆக்ஸில் போட்டார்களாம். "நம்ம ரோட்டுக்கு அது சரிப்படல" என்றார்.

அப்புறம் ஒரே ஒரு உத்தரவு. "எதையும் கழட்டாதே. எது ஓடுதுன்னு தெரியாம கழட்டினா, அது ரிப்பேர் இல்ல, பழைய இரும்புக் கடை."

கராஜ் வரிசையில் மூன்று கதவு தள்ளி ஒரு எம்ஜி இருக்கிறது. முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் பெயர் எழுதிய பெட்டியில். பெட்டிகள் மேல் சிலந்தி வலை. பெரியப்பா சொன்னதைக் கேட்பதாக முடிவு.

பிப்ரவரி 24, சனி

இன்ஜின் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் நாள். பிளக் நான்கையும் எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டது போன வாரம். இன்று முன்புல்லி நட்டில் நீளப்பிடி ஸ்பானரை மாட்டி மெல்ல இழுத்தேன். முதலில் கல். பிறகு ஒரு முனகல். பிறகு சுற்றியது. செல்ஃப் போட்டு முரட்டுத்தனமாகச் சுற்றியிருந்தால் ரிங் உடைந்திருக்கலாம். கைக்கு அந்தப் பொறுமை உண்டு, மோட்டாருக்கு இல்லை.

இந்த இன்ஜினில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க, பின் பேரிங்கில் இரண்டு அரைநிலாத் துண்டுகள். த்ரஸ்ட் வாஷர். அவை தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க், பிளாக்கையே அரைத்துவிடும். பார்ப்பதற்கு ஒன்றையும் கழற்ற வேண்டாம்: ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்புல்லியைப் பார்க்க வேண்டும். அறைத்தோழி மிதித்தாள், நான் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைவு இல்லை. இன்ஜினை இறக்க வேண்டாம். இன்றைக்கு மட்டும் பல நூறு பவுண்டு மிச்சம் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். செலவழிக்காததையும் எழுதினால்தான் மனசு ஆறுகிறது.

மார்ச் 3, ஞாயிறு

டாங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. வடித்தாயிற்று. ரப்பர் குழாய்கள் எல்லாம் புதுசு, 30 பவுண்டு. இங்கே 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் குழாயே வாங்கினேன். குறைந்த எத்தனால் உள்ள விலை கூடின பெட்ரோலைத்தான் ஊற்றவும் போகிறேன்.

எஸ்யூ கார்பரேட்டர் இரண்டையும் கழற்றவில்லை. மேல்மூடியை எடுத்து பிஸ்டன் தடையில்லாமல் விழுகிறதா என்று பார்த்து, ஃப்ளோட் அறையைத் துடைத்து, மேலே எண்ணெய் விட்டு மூடினேன். பாயிண்டைத் தேய்த்தேன். இந்தக் காரில் ஒரு சௌகரியம், பானெட் முழுதாக முன்னால் சாய்ந்துவிடுவதால் முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்டூல் காசு மிச்சம்.

ஸ்டார்ட் ஆனது. முதலில் இரண்டு சிலிண்டர், பிறகு மூன்று, பிறகு நான்கு. சைலன்சரில் இருந்து எலிக்கூடு ஒன்று துண்டு துண்டாகப் பறந்தது. ஆயில் பிரஷர் விளக்கு அணைந்தது. எம்ஜிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

மார்ச் 16, சனி

பிரேக். இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. பின்னால் வீல் சிலிண்டர், ஷூ, முன்னால் காலிபர் சீல், பேட், ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர் கிட். 210.

காலிபரில் பிஸ்டன் இறுகியிருந்தது. அதை வெளியே தள்ள காலிபரை வண்டியின் குழாயோடு இணைத்தபடியே விட்டு, பெடலை மெதுவாக மிதித்தால் போதும். பிரேக் தன்னைத்தானே கழற்றிக் கொடுக்கும். பழைய பிரேக் ஆயில் காபி நிறத்தில் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் உள்ளே துருவைக் கொடுக்கும். வெளித்துருவுக்குப் பட்டி பார்த்த மகராசர் இந்த உள்துருவைப் பார்க்கவேயில்லை.

டயர் நான்கும் மாற்ற வேண்டும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன, பட்டனும் ஆழம். ஆனால் பக்கவாட்டில் பொறித்த நான்கு எண்ணில் கடைசி இரண்டு 01. அதாவது 2001.

ஏப்ரல் 6, சனி

சில் தகடுகள் தபாலில் வர வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் கேன்லி பக்கம் நடந்தேன். ட்ரையம்ப் தொழிற்சாலை இருந்த இடம் இப்போது அலுவலகக் கட்டடங்கள், கிடங்குகள். தெருப்பலகையில் மட்டும் ஹெரால்டு அவென்யூ. கடைசி ஸ்பிட்ஃபயர் இங்கிருந்து 1980 ஆகஸ்டில் வெளியே போனது. அதற்குள் எல்லா மாடலும் சேர்த்து மூன்று லட்சத்துக்கும் மேல்.

இந்தக் காரின் கதையே ஒரு மூலையில் கிடந்த கதை. இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்து செய்த மாதிரி வண்டி, கம்பெனியில் காசில்லாததால் துணி போர்த்தி ஓரங்கட்டப்பட்டது. 1961இல் லேலண்டு கம்பெனி ட்ரையம்பை வாங்கியபின், சொத்துக்களைப் பார்வையிட வந்தவர்கள் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். 1962இல் ஸ்பிட்ஃபயர் சந்தைக்கு வந்தது. ஹெரால்டு இருந்ததால்தான் அது முடிந்தது. புதுசாக இன்ஜினோ சஸ்பென்ஷனோ தேடாமல், இருப்பதை எடுத்து மேலே அழகான உடம்பு. சிக்கனத்தில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார். பெரிய கம்பெனியும் மாணவர் பட்ஜெட்டில் இருந்த நாள் உண்டு.

ஏப்ரல் 20, சனி

இன்று பெரியப்பாவோடு சண்டை. சண்டை என்றால் அவர் பேசினார், நான் மறுத்தேன்.

"சில் வெறும் தகடும்மா. கதவுக்குக் கீழ அழகுக்கு. பேட்ச் அடிச்சு விடு." ஹெரால்டுக்கு அவர் சொல்வது ஓரளவு சரி, அதில் சேசிஸ் பக்கவாட்டுக்கும் கை நீட்டி உடலைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கக் கைகளை எடுத்துவிட்டார்கள். நடுமுதுகெலும்பு மாதிரி சேசிஸ், பக்க பலம் முழுக்கச் சில்லில். இரும்புக் கூரையும் இல்லை. பின்சக்கரத்தை நேராகப் பிடிக்கும் கம்பிகூட சேசிஸில் மாட்டவில்லை, இருக்கைக்குப் பின்னால் உடலில்தான் மாட்டியிருக்கிறது. சில் போனால் கார் நடுவில் தொங்கும், பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். படம் வரைந்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம்: "அப்ப வெட்டு. ஆனா ஒரு பக்கம் முடிச்சிட்டு இன்னொரு பக்கம்."

அதுவேதான் முறை. பெட்ரோல் டாங்கை முதலில் வெளியே எடுத்து தூரமாக வைத்தேன். பேட்டரி கழற்றினேன். கார் தன் நான்கு சக்கரத்திலேயே நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வெட்டினால் உடம்பு வளைந்து, வளைந்தபடியே வெல்டிங் ஆகிவிடும். கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டு இறுக்கினோம். கதவை மாட்டி, சுற்றி இடைவெளி சமமாக இருக்கிறதா என்று வெட்டுமுன் பார்த்து, வெட்டியபின் பார்த்து, ஒட்டுமுன் மறுபடி பார்த்து.

"இறுக்கினோம்" என்றது எம்ஜிக்காரரையும் சேர்த்து. பஸ் டெப்போவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். தன் எம்ஜியைத் தொடாத மனிதர் என் காரை விட்டு நகரவில்லை. கூலி வாங்க மாட்டேன் என்றார்; கம்பியும் கேஸும் என் செலவு, 80. ஃபில்டர் காபி தனி.

வெளிச் சில்லைப் பிரித்ததும் உள்ளே மூன்று தலைமுறைத் தகடு. ஒன்றன்மேல் ஒன்று, நடுவில் பழைய செய்தித்தாள், பட்டி, தார். அசல் சில்லிலும் உள்தகடு, நடுவில் பலத்தகடு, வெளித்தகடு என்று மூன்று அடுக்கு உண்டு. நடு அடுக்கைக் காணோம். துருப்பொடியாக தரையில் கிடந்தது. பெருக்கி அள்ளினோம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இடது பக்கம் முடிந்தது. கதவு சாத்துகிறது, ஒரு விரலால் தள்ளினால் போதும். தோள்பட்டை வலி.

மே 12, ஞாயிறு

வலது பக்கமும் போன வாரம் முடிந்து, உள்ளே மெழுகு தெளித்தாயிற்று. இனி முன்சக்கரம்.

ட்ரனியன் என்று ஒரு பாகம். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்தக் கட்டைக்குள் சுழலும். எளிய, நல்ல யோசனை, எண்ணெய் இருக்கும்வரை. எண்ணெய் காய்ந்தால் தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி உள்ளே படுத்துவிடும்.

இதில் பெரியப்பாதான் குரு. "அதுல கிரீஸ் நிப்பிள் மாதிரி இருக்கும், நம்பாதே. 90 ஆயில்தான் அடிக்கணும். கிரீஸ் அடிச்சவன் வண்டியெல்லாம் என் ஷெட்டுக்கு வந்துது." தொழிற்சாலைக் கையேடும் கியர் ஆயில்தான் சொல்கிறது. குரோம்பேட்டையும் கேன்லியும் ஒத்துப்போன இடம்.

கழற்றாதே விதிக்கு இங்கேயும் விலக்கு. கழற்றாமல் மரையைப் பார்க்க வழியில்லை. இடப்பக்கம் சுத்தம். வலப்பக்கத் தண்டில் மரைக்கு மேலே துரு, குழி குழியாக. தேய்த்தால் போகும் என்று யாராவது சொல்லலாம். அது முறிந்தால் நான் இருக்கும் வேகம் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. நல்ல தண்டு ஒன்று, புதுக் கட்டை இரண்டு, 130. ஒரு பக்கம் வலமரை, இன்னொரு பக்கம் இடமரை என்பதை வாங்கும்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முழுக்கத் திருகி உட்கார வைத்து, பிறகு ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி நிறுத்த வேண்டும். அடியோடு இறுக்கிவிட்டால் ஸ்டீயரிங் கடைசிவரை திரும்பாது.

இந்த வேலை யார் கண்ணிலும் படாது. புகைப்படத்துக்கும் உதவாது.

ஜூன் 19, புதன்

அறைத்தோழி பெயிண்ட் அடிக்கச் சொல்கிறாள். நல்ல எண்ணம்தான். கேட்டுப் பார்த்ததில், டிங்கரிங்கும் பெயிண்டும் சேர்ந்து கார் வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு. மலிவாக அடிக்கலாம், முன்பு அடித்தவரும் மலிவாகத்தான் அடித்தார். புதுச் சில்லில் மட்டும் பிரைமரும் கிட்டத்தட்டப் பொருந்தும் மஞ்சளும். மஞ்சள் இரண்டு நிறம். கதவில் உள்ள நசுங்கல் இருக்கட்டும். இருக்கைத் தையல் பிரிந்தது இருக்கட்டும். ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை, இருக்கட்டும்.

டயர் 220, பேட்டரி 60. பழங்கார் இன்ஷூரன்ஸ் 220; 25 வயது தாண்டியவர்களுக்குத்தான் தருவோம் என்றார்கள், நல்லவேளை தாண்டியாயிற்று.

ஜூலை 5, வெள்ளி

40 வயது தாண்டிய கார்களுக்கு இங்கே சாலை வரி இல்லை, வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. என் வெல்டிங்கை நானே சான்றளிப்பது சரியில்லை என்று சோதனைக்குக் கொண்டுபோனேன். கட்டண உச்சவரம்பு 54.85, அதையே வாங்கினார்கள். சோதனையாளர் கீழே நின்று சுத்தியால் சில்லைத் தட்டித் தட்டிக் கேட்டார். தேர்ச்சி. கூடவே இரண்டு குறிப்பு: சைலன்சரில் லேசான கசிவு, பின் லீஃப் ஸ்பிரிங் தொய்வு.

மொத்தச் செலவு கராஜ் வாடகை ஆறு மாதத்தையும் சேர்த்து 2,475 சொச்சம். பெட்ரோல் இந்தக் கணக்கில் வராது என்று தீர்மானித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது கூரையைத் திறந்துவிட்டு ஓட்டினேன். 71 குதிரைத்திறன்தான். பஸ்ஸின் சக்கரம் என் காதுக்கு நேராக உருள்வதால் 40 மைல் வேகமே போதுமானதாக இருக்கிறது.

பெரியப்பாவை வீடியோ காலில் இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தேன். பானெட்டைப் பார்க்கவில்லை, மஞ்சளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"டாப்பெட் லூஸு."

கேஜ் வாங்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில், இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் பத்து தவு, அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு இடைவெளி. நாளை காலை, ஸ்டார்ட் பண்ணுமுன்.