ரேஸ் கேமில் கற்ற பிரேக்

நைட் டியூட்டி இல்லாத நாட்களில் நான் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவேன். "அசெட்டோ கோர்சா"ன்னு ஒரு கேம். நிஜக் கார் மாதிரியே டயர் சூடாகும், வழுக்கும்.

முதல் மாதம் முழுக்க வளைவுக்கு வளைவு சுவரில் முட்டினேன். வேகம் பத்தலைன்னு நினைச்சேன். தப்பு. எனக்கு பிரேக் பிடிக்கத் தெரியலை.

டயரின் பிடிமானம் ஓரளவுதான். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அதை ஒரே நேரத்தில் முழுசாகக் கேட்டால் கார் வழுக்கிவிடும். வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரே கார், ஒரே டிராக்கில் இதை மட்டும் பழகினேன். லேப் நேரம் தானாகக் குறைஞ்சது.

"சரி டாக்டர், இதை ஏன் எங்களுக்குச் சொல்றீங்க?"

நம்ம தொப்பூர் கணவாய்க்காகத்தான்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அது தொடர் இறக்கம். டீசல் மிச்சம்னு நியூட்ரலில் விட்டால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக் மேல விழும். அது சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

"பிரேக் பிடிக்கலை சார்..." கேஷுவாலிட்டியில் ஒரு லாரி டிரைவர் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பிழைத்தார். அந்த லாரி மோதிய காரில் வந்த அப்பா பிழைக்கலை. வெளியே நின்ற மகளிடம் அதைச் சொன்னது நான்.

கேமில் முட்டினால் ஒரு பட்டன் போதும், கார் புதுசாக வந்து நிற்கும்.

கணவாயில் லாரியோ காரோ, இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறுங்க. மெதுவா இறங்குங்க.