கையும் வெப்பமானியும்

வெப்பத்தை அறிவதற்கு மனிதனுக்கு முதன்முதலிற் கிடைத்த கருவி அவனுடைய கையே ஆகும். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலை அறியும் தாயும், இயந்திரத்தைத் தொட்டு அதன் களைப்பை அறியும் கமக்காரனும் அக்கருவியை நம்பியே வாழ்ந்து வந்துள்ளனர். ஆயின், கை தான் தொட்ட இடத்தைப் பற்றி மாத்திரமே பேசும். தொடாத இடத்தைப் பற்றியும் அது பேசுவதாக எண்ணும்போதே தவறு பிறக்கின்றது. தன் கையாற் கணினியொன்றைப் பூட்டி முடித்த இளைஞன் ஒருவன் இவ்வுண்மையை அறிந்துகொண்ட விதம் சிந்தனைக்குரியது.

அவன் வடமராட்சிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். திருநெல்வேலியில் அறையெடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்திற் பயில்பவன். விளையாட்டுக்கேற்ற கணினியொன்று வேண்டுமென்பது பாடசாலை நாள் தொட்டு அவன் கொண்டிருந்த ஆசை. பணம் சேரத் தொடங்கிய வேளையிலே காலம் மாறிற்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. கடல் கடந்து வரும் உறுப்புகளின் விலையும் அதனோடு ஏறிற்று. எனவே, அவன் ஒவ்வோர் உறுப்பாக வாங்கினான். தாய்ப்பலகை ஒரு மாதம். செயலி சில மாதங்களின் பின். வரைவியல் அட்டையோ பிறர் பாவித்து விற்றது. ஒன்றரை ஆண்டின் பின் ஒரு மார்கழி இரவில் யாவும் ஒரு பெட்டியினுள் ஒன்று சேர்ந்தன. விசை அழுத்தப்பட்டது, திரை ஒளிர்ந்தது. அந்த இரவில் அவன் உறங்கவில்லை என்பதைக் கூறவும் வேண்டுமோ?

சித்திரை விடுமுறைக்கு அக்கணினியை முச்சக்கரவண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு சென்றான். அங்குதான் தொல்லை தொடங்கிற்று. விளையாட்டைத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே காட்சிகள் தடுக்கித் தடுக்கி நகர்ந்தன. வெப்பம் காரணமோ என ஐயுற்று அவன் பெட்டியின் பக்கக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். அது குளிர்ந்திருந்தது. ஆகவே வெப்பம் காரணமன்று, பழைய வரைவியல் அட்டையே காரணம் என முடிவு செய்தான். புதிய அட்டையொன்றின் விலை, தந்தை வெங்காயத் தோட்டத்துக்கென வாங்கவிருந்த நீரிறைக்கும் இயந்திரத்தின் விலையிலும் அதிகம். எனினும் மகன் கேட்டான். தந்தை மறுக்கவில்லை, “பாப்பம்” என்ற ஒரு சொல்லோடு தோட்டத்துக்குப் போய்விட்டார். அச்சொல்லின் பொருள் மகனுக்குத் தெரியும். பழைய இயந்திரத்தோடு இன்னுமொரு போகம் மாரடிக்க அவர் ஆயத்தமாகிவிட்டார் என்பதே அதன் பொருள்.

கணினிக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் என்னும் கணினி, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, 150 கிலோவாற்று மின்வலுவை நுகர்ந்தது. திரான்சிற்றர்கள் சிறுக்கச் சிறுக்க அவை நுகரும் வலுவும் சிறுத்து, பரப்பளவுக்குரிய வெப்பம் மாறாதிருக்கும் என 1974இல் றொபேட் டெனாட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர். மூன்று பத்தாண்டுகள் பயன்தந்த அவ்விதி பின்னர் தளர்ந்தது. 4 கிகாஹேற்ஸ் மீடிறனுடைய பென்ரியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை இன்ரெல் நிறுவனம் 2004இற் கைவிட்டது. ஒரே கருவை மேன்மேலும் விரைவாக ஓட்டும் வழியை விடுத்து, ஒரு செயலியிற் பல கருக்களை அமைக்கும் வழியைத் தொழில் நாடியமைக்கு வெப்பமே தலையாய காரணம் எனலாம்.

கணினி நுகரும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே அறையை அடைகின்றது. 300 வாற்று நுகரும் கணினி, அறையில் வைத்த 300 வாற்று அடுப்புக்கு ஒப்பானது. நுளம்புக்கு அஞ்சிச் சாளரத்தை அடைத்த அறையில் இரவெல்லாம் விளையாடுபவன் தன் அறையைத் தானே சூடேற்றுகிறான். ஆகவே, வெப்பம் தோன்றுவது குற்றமன்று. தோன்றிய வெப்பம் வெளியேறாதிருப்பதே குற்றம்.

உடன்பயிலும் நண்பன் ஒருவன் தொலைபேசியிற் கூறிய அறிவுரை இளைஞனைத் தடுத்தாட்கொண்டது: பணத்தைச் செலவிடுமுன் அளந்து பார். செயலியினுள்ளும் வரைவியல் அட்டையினுள்ளும் வெப்ப உணரிகள் உள்ளன. அவற்றின் அளவீடுகளைக் காட்டும் இலவச மென்பொருள்களும் உள. அவன் ஒரு தாளிற் கோடிட்டு மூன்று எண்களைக் குறிக்கலானான். முதலாவது, செயலியின் வெப்பநிலை. இரண்டாவது, அது ஓடும் மீடிறன். மூன்றாவது, சுவரிற் தொங்கவிட்ட வெப்பமானி காட்டும் அறை வெப்பநிலை. கணினி சும்மா இருக்கையில் ஒருமுறையும், அரைமணி நேரம் விளையாடிய பின் ஒருமுறையும் குறித்தான்.

அட்டை 74 பாகையைத் தாண்டவில்லை. செயலியோ விளையாட்டுத் தொடங்கிச் சில கணங்களிலேயே 100 பாகையை எட்டிற்று. அதே கணத்தில் 4 கிகாஹேற்ஸில் ஓடிய அதன் மீடிறன் 2 கிகாஹேற்ஸ் அளவுக்கு வீழ்ந்தது. அண்மைக் காலச் செயலிகள் தம் எல்லையை அறிந்தவை. இன்ரெல் நிறுவனத்தின் மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு அவ்வெல்லை 100 பாகை, ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 7000 வரிசையிற் பலவற்றுக்கு 95 பாகை. எல்லையை எட்டியதும் அவை எரிந்துபோவதில்லை. தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிடின் கணினி அணைந்துவிடும். காட்சி தடுக்கியமைக்குக் காரணம் அட்டையின் முதுமையன்று, செயலியின் தற்காப்பே என்பது அந்தத் தாளிலிருந்து புலனாயிற்று.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சிற்று. பக்கக் கண்ணாடியைக் கழற்றினான். 100 பாகை குறையவில்லை. மேசை விசிறியைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேரே சுழலவிட்டான், அப்பொழுதும் குறையவில்லை. தோட்டத்திலிருந்து வந்த தந்தை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினியை அணைத்து, மின்னிணைப்பையும் கழற்றச் சொன்னார். பின்னர் குனிந்து, செயலியின் மேலிருந்த வெப்பமகற்றியின் அலுமினியச் செதிள்களிற் கை வைத்தார்.

“உள்ளுக்கு நூறு எண்டு சொல்லுறாய். இது ஏன் தம்பி சுடேல்லை?”

காற்றாற் குளிரும் சிறிய நீரிறைக்கும் இயந்திரத்தின் செதிள்களுக்கிடையிற் படிந்த சேற்றை ஆண்டாண்டாகச் சுரண்டியெடுத்தவர் அவர். எரியும் இயந்திரத்தின் செதிள் சுட வேண்டும். சுடாவிடின் வெப்பம் அங்கு வந்து சேரவில்லை. உயர்தர வகுப்பிற் கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என மூன்றையும் எழுதிப் புள்ளி பெற்ற மகனுக்கு அக்கேள்வி நாணத்தைத் தந்தது. விசிறியின் காற்று மேற்காவுகைக்கு உதவும். ஆனால், செயலியிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் கடத்தப்படாவிடின், காற்று எதனைக் காவிச் செல்லும்? வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறினால் பெட்டியினுட் காற்றோட்டம் குறைவு என்றும், தொடங்கிய சில கணங்களிலே பாய்ந்து ஏறினால் செயலிக்கும் வெப்பமகற்றிக்கும் இடையிலான தொடுகை பழுது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். தாளில் எழுதிய எண்கள் முன்னரே அதைக் கூறியிருந்தன. அவற்றை வாசிக்கவே அவனுக்குத் தெரியவில்லை.

வெப்பமகற்றியைத் தாய்ப்பலகையோடு பிணைக்கும் முளைகள் நான்கு. அவற்றுள் ஒன்று துளையிலிருந்து மேலெழுந்து நின்றது. பூட்டிய இரவில் அது முற்றாக இறுகவில்லை. முச்சக்கரவண்டியின் குலுக்கலில் விடுபட்டுவிட்டது. அவன் வெப்பமகற்றியைக் கழற்றி, காய்ந்த களிம்பைத் துடைத்து, புதிய களிம்பைச் சிறிதளவு இட்டு, மூலைக்கு மூலை எதிராக நான்கு முளைகளையும் ஓசை கேட்கும்வரை அழுத்தினான். களிம்புக்குச் செலவான சில நூறு ரூபாவே அத்திருத்தத்தின் மொத்தச் செலவு.

அன்றிரவு அரைமணி நேர விளையாட்டின் பின் தாளில் எழுதப்பட்ட எண்கள் இவை: செயலி 76 பாகை, மீடிறன் 4 கிகாஹேற்ஸ், அறை 33 பாகை. காட்சி ஒருமுறையேனும் தடுக்கவில்லை. இலண்டனில் வாழும் மச்சான் ஒருவன் இதைக் கேட்டு, தன் கணினி 65 பாகையைத் தாண்டுவதில்லை, 76 அதிகம் அல்லவா என்றான். அவனுடைய அறை வெப்பநிலையைக் கேட்டபொழுது 19 பாகை என்றான். நியூட்டனின் குளிரல் விதியைப் பரிசோதனைச் சாலையிற் செய்து பார்த்த எவரும் இதற்கு விடை கூறுவர். வலிந்த மேற்காவுகையில் ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வீதம் அதன் வெப்பநிலையை அன்று, அயலிலிருந்து அது வேறுபடும் அளவையே சார்ந்தது. இலண்டனில் அவ்வேறுபாடு 46 பாகை, வடமராட்சியில் 43. செயலியின் எல்லைக்கு எவ்வளவு இடைவெளி உண்டு என்பதை அறிய முழு எண் வேண்டும். குளிர்விக்கும் ஏற்பாடு செவ்வனே இயங்குகின்றதா என்பதை அறிய வேறுபாடு வேண்டும். இரண்டில் ஒன்றை மாத்திரம் கொண்டு தீர்ப்புக் கூறுபவர் பாதி வழக்கையே கேட்டவராவர்.

அளவீடின்றி முடிவு செய்த மகனைத் தாள் திருத்திற்று. அளவீட்டை வாசிக்கத் தெரியாது நின்ற மகனைத் தந்தையின் கை திருத்திற்று. முன்பு மகனின் கை கண்ணாடியைத் தொட்டது. தந்தையின் கையோ வெப்பம் எவ்வழியே வெளியேற வேண்டுமோ அவ்வழியைத் தொட்டது. இரு கைகளுக்கும் இடையிலான வேறுபாடு அவ்வளவே.

சோழகக் காற்று எழுந்த நாட்களில் புதிய நீரிறைக்கும் இயந்திரம் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. அதனை இறக்கி வைத்தவன் மகன். அது அரைமணி நேரம் ஓடிய பின், ஒருவரும் கேளாமலே குனிந்து, எரிந்துவிடாதபடி விரல்களைச் சற்று அப்பாற் பிடித்து, செதிள்களிலிருந்து எழும் அனலை அவன் பார்த்தான். அது நன்றாகச் சுட்டது. தந்தை ஒன்றும் கூறாது வாய்க்காலை நோக்கி நடந்தார்.