மலைக்குக் கீழே ஒரு ஊர்

திருப்பதியில் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் திருப்பதியைப் பார்ப்பதில்லை. ரயில் நின்றதுமே கண் மலைக்குப் போய்விடுகிறது. தரிசனம், மொட்டை, லட்டு, கீழே இறங்கியதும் அலமேலுமங்காபுரம், நேரமிருந்தால் காளஹஸ்தி, அப்புறம் ஊர் திரும்ப பஸ். நடுவே இருக்கிற நகரம் அவர்களுக்கு ஒரு வெயிட்டிங் ரூம்தான்.

ஆனால் அந்த வெயிட்டிங் ரூமில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். வாடகை கட்டுகிறார்கள், முதல் நாள் முதல் ஷோவுக்கு டிக்கெட் தேடுகிறார்கள், ஜாக்கெட்டுக்குக் கலம்காரி துணி வெட்டித் தைக்கிறார்கள், விடியற்காலையில் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அலிபிரி சாலையில் காலை ஐந்தரை மணிக்கு இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே போகும். ஒன்று 3,550 படிகள் ஏறப்போகும் கோவிந்தா கூட்டம். மற்றொன்று நாய் இழுத்த இழுப்புக்குப் போகும் உள்ளூர்க் கூட்டம். ஒன்றை ஒன்று ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நாய் வளர்ப்பவருக்கு இந்த ஊர் ஒரு விதத்தில் வசதியானது. 1955-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. 2005-ல் வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. சிறு நகரங்களில் நாய்க்குக் கால் ஒடிந்தால் மாட்டு டாக்டரைத் தேடி ஓட வேண்டும். இங்கே அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் 'பாமரேனியன்' என்று அழைக்கப்படும் வெள்ளை நாய் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். 1994-ல் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் கிரிக்கெட் அம்பயராகவும் தூதுவனாகவும் வந்து மாதுரி தீட்சித்துக்குச் சமமாகக் கைதட்டல் வாங்கிய டஃபியும் அதே ஜாதிதான். வெயில் தாங்கும், கொடுத்ததைத் தின்னும், வாசலில் நிழல் விழுந்தாலும் குரைக்கும். கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் வேறு என்ன வேண்டும்?

வசதி அங்கேயே முடிந்தும்விடுகிறது. சேஷாசலம் காடு நகரத்தின் முதுகோடு ஒட்டியிருக்கிறது. பல்கலைக்கழக வளாகங்களில் சிறுத்தை தென்பட்டது என்ற செய்தி உள்ளூர்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வரும். சிறுத்தைக்கு மானைவிட நாய் சுலபம். ஓடுவதற்கு இடமில்லாமல் சுவரோரம் கட்டிக் கிடக்கும் நாய் அதைவிடச் சுலபம். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்கடுத்த மாதம் நடந்து ஏறும் பக்தர்கள் கையில் தேவஸ்தானம் ஆளுக்கொரு தடி கொடுத்தது. தடி சிறுத்தையை விரட்டுமா என்று கேலி செய்தவர்கள் உண்டு. மலையடிவாரத்தில் நாய் வளர்ப்பவர்கள் கேலி செய்யவில்லை. இருட்டுவதற்கு முன் நாயை உள்ளே கட்டிக் கதவைச் சாத்துவது அங்கே செல்லம் கொடுப்பதில் சேராது.

நாயும் கைவேலையும் சினிமாவும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது: காளஹஸ்தி. கண்ணப்பன் கதை நடந்த ஊர். சேக்கிழாரின் திண்ணன் நாய்கள் சூழ வேட்டைக்குப் புறப்பட்ட வேடன்தான். வாயில் கொண்டுவந்த நீரால் லிங்கத்துக்கு அபிஷேகம், சுவை பார்த்த இறைச்சி நைவேத்தியம், கடைசியில் தன் கண். இப்படிப்பட்ட கதையைச் சினிமா விடுமா? 1954-ல் 'பேடர கண்ணப்பா'வில்தான் கன்னட ராஜ்குமார் கதாநாயகனானார். அதே வருஷம் தெலுங்கில் 'காளஹஸ்தி மகாத்மியம்' வந்தது, அதிலும் அவரே. 1976-ல் பாபு இயக்கத்தில் கிருஷ்ணம் ராஜு 'பக்த கண்ணப்பா'. 2025 ஜூனில் மஞ்சு விஷ்ணுவின் 'கண்ணப்பா'. விஷ்ணுவின் தந்தை மோகன் பாபு இதே வட்டாரத்துக்காரர். வில்லனாக நடித்துச் சம்பாதித்துத் திருப்பதிக்குப் பக்கத்தில் கல்வி நிறுவனம் கட்டியவர்.

காளஹஸ்தியில் கோயிலை விட்டு வெளியே வந்தால் கலம்காரி. கலம் என்றால் பேனா. மூங்கில் குச்சியைக் கூராக்கி, நுனிக்கு மேலே துணியையோ கம்பளியையோ சுற்றி நூலால் இறுக்குகிறார்கள். சுற்றிய துணி சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் லேசாக அமுக்கினால் நுனிக்கு இறங்கும். மசிப் பேனாவைப் பள்ளிக்கூடத்தில் உதறிப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தை என்று புரியும்.

அதற்கு முன் துணி தயாராக வேண்டும். காடாத் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துகிறார்கள். பாலிலுள்ள கொழுப்பு, கோடு கசியாமல் பிடித்து நிறுத்துகிறது. கடுக்காயின் துவர்ப்பு இன்னொரு வேலைக்கு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைத்த கஷாயத்தைக் கலத்தில் எடுத்து வரைந்தால், துணியிலுள்ள கடுக்காயோடு சேர்ந்து அது கறுப்பாகிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் முதலில் பூசுவது படிகார நீர். அப்போது கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பிறகு துணியைச் சாய வேர் போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கவ்விக்கொள்ளும். நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கழன்ற சாயம் திரும்பித் துணியிலேயே ஒட்டும். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இந்தத் தொழில் வளர்ந்த காரணம் அதுதான். வருஷத்தில் பாதி நாள் சுவர்ணமுகியில் மணல்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

நடுவில் இந்தக் கலை கிட்டத்தட்டச் செத்துப்போனது. 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாய முயற்சியில் பயிற்சி மையம் வந்தது. அந்தத் தலைமுறையின் கையிலிருந்து வந்தவர்களில் ஒருவரான ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கலம் பிடிப்பவர்களில் பெண்கள் கணிசம். சமையலுக்கும் சாயம் கொதிக்கவும் ஒரே அடுப்பு என்றிருக்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு எதிரி ஆறு மட்டுமில்லை. அதே மயில், அதே கொடி, அதே கண்ணை அப்படியே ஸ்கிரீன் பிரிண்ட் செய்து கடைக்காரர் 'கலம்காரி' என்று விரிக்கிறார். ஒருவர் வாரக்கணக்கில் குனிந்து வரைந்த புடவையும், மெஷின் நிமிஷத்தில் துப்பிய புடவையும் ஒரே அலமாரியில். அடையாளம் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: கையால் வரைந்ததில் ஒரு மயில் போல் இன்னொரு மயில் இருக்காது. மூக்கை வைத்துப் பார்த்தால் பாலும் கடுக்காயும் சேர்ந்த ஒரு பழைய வாசனை வரும். தஞ்சாவூர்ப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இதே கலையைக் கோயில் தொம்பைகளுக்கும் விதானங்களுக்கும் வரையும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கவலைதான்.

தமிழர் வீட்டுக்குத் திருப்பதி கொடுத்த இன்னொரு கைவேலை மரப்பாச்சி. கொலுவின் மேல் படியில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் அந்த ஜோடி செம்மரத்தில் செதுக்கியது. செம்மரம் இயற்கையாக வளர்வது இந்தச் சேஷாசலம், கடப்பைப் பக்கத்து மலைகளில்தான். குழந்தை வாயில் வைத்துச் சப்பிய அதே மரத்துக்கு வெளிநாட்டில் கிடைக்கும் விலை பல உயிர்களைத் தின்றிருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சந்திரகிரிக்குப் பக்கத்துக் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தற்காப்பு என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக் கிராமங்களில் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்களின் வீடுகளுக்கு உடல்கள்தான் திரும்பின.

ஆறு வருஷம் கழித்து 2021 டிசம்பரில் 'புஷ்பா' வந்தது. செம்மரம் வெட்டப் போகும் கூலி, கடத்தல் ராஜாவாகிறான். ஒரு பக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு அல்லு அர்ஜுன் பேசிய சித்தூர்த் தெலுங்கை நாடே பேசிப் பார்த்தது. தமிழ் வாடை அடிக்கும் அந்தப் பேச்சை நகைச்சுவை நடிகருக்கு மட்டுமே கொடுத்துவந்த தெலுங்கு சினிமா, முதல் முறையாகக் கதாநாயகன் வாயில் இவ்வளவு பெரிதாக வைத்தது என்று சித்தூர்க்காரர்களுக்குப் பெருமை. காடு மட்டும் அவர்களுடையதல்ல. பெரும்பகுதி கோதாவரிப் பக்கம் மாரேடுமில்லியில் எடுத்தது. தியேட்டரில் விசிலடித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த இருபது பேர் ஞாபகம் வந்தார்கள்?

சித்தூர் திருப்பதியிலிருந்து எழுபது கிலோமீட்டர். மலை இல்லை, கூட்டமில்லை, மாம்பழம் உண்டு. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து உருவாக்கிய மாவட்டத்தின் தலைநகர். 1960-ல் எல்லை திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவில் தங்கின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துபோக, காளஹஸ்தியும் அதோடு போனது. பேச்சு எந்தக் கோட்டையும் மதிப்பதாக இல்லை. கடையில் தெலுங்கில் ஆரம்பித்த பேரம் தமிழில் முடியும். ரஜினி படத்தை எந்த மொழியில் பார்ப்பது என்பது எந்தத் தியேட்டர் பக்கம் என்பதைப் பொறுத்தது.

இந்த ஊரின் பெயரைத் திரையில் எழுதியவர் வி. நாகையா. பிறந்தது குண்டூர்ப் பக்கம். நாடக மேடையில் பெயர் வாங்கியது சித்தூரில். அதனால் சித்தூர் நாகையா. 1941-ல் 'அசோக் குமா'ரில் பாகவதருக்கு எதிரே அசோகச் சக்கரவர்த்தி, 1945-ல் எம்.எஸ். நடித்த 'மீரா'வில் ராணா. அடுத்த வருஷம் தானே எடுத்து, இயக்கி, நடித்த 'தியாகய்யா'. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தே கைவிட்ட பணத்துக்குக் கணக்கில்லை. 1973-ல் இறந்தபோது மிச்சமிருந்தது பெயர்தான். சித்தூரில் அவர் பெயரில் கலாக்ஷேத்திரம் இருக்கிறது. சென்னை பனகல் பார்க்கில் சிலை.

சினிமாக்காரர்களிடம் இந்த வட்டாரம் தாராளமாக இருந்திருக்கிறது. 1983-ல் என்.டி. ராமராவ் திருப்பதியில் ஜெயித்தார். 2008 ஆகஸ்டில் சிரஞ்சீவி தன் கட்சியைத் தொடங்கியது இங்கே. மறு வருஷம் பாலகொல்லு அவரைக் கைவிட்டபோது எம்.எல்.ஏ. ஆக்கியது திருப்பதி. நகரியில் ரோஜாவை 2014-லும் 2019-லும் அனுப்பிய ஜனங்கள், 2024-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த ஊர் நாய்க்கும் ஒரு முறை இந்தியா முழுக்கச் செய்தியாகும் யோகம் வாய்த்தது. 2019 அக்டோபர் 31-ம் தேதி திருமலையிலிருந்து பதின்மூன்று ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஒரு தெருநாய் பின்னாலேயே வந்தது. முதலில் அவர்கள் கவனிக்கவில்லை. பிறகு தாங்கள் சமைத்ததை அதற்கும் வைத்தார்கள். நவம்பர் பாதியில் கர்நாடகத்தில் சிக்கமகளூர் மாவட்டம் கொட்டிகெஹாராவுக்கு வந்து சேர்ந்தபோது 480 கிலோமீட்டர் ஆகியிருந்தது. நாயும் கூடவே வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்து எல்லோரும் தெற்கே நடந்தார்கள்.