பண்ணைக் கடல் கடந்த பழைய கார்

யாழ்ப்பாண நகரிலிருந்து தீவகத்துக்குச் செல்பவர்கள் பண்ணைக் கடலைக் கடந்தே செல்லவேண்டும். கோட்டையைத் தாண்டியதும் நிலம் முடிந்து, கடல் நடுவே அமைந்த தெரு தொடங்குகின்றது. இரு மருங்கும் ஆழமற்ற நீர். அதில் மீன்பிடிக்காக நாட்டிய தடிகள் வரிசையாக நிற்கும். காற்று வீசும்போது உப்பின் மணம் முகத்தில் அடிக்கும்.

சென்ற ஆண்டு என் தாயாரை அழைத்துக்கொண்டு அவ்வழியே ஊர்காவற்றுறைக்குச் சென்றேன். எண்பத்துமூன்று வயதான அவருக்குத் தாம் பிறந்த இடத்தை இன்னுமொருமுறை காணவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நகரில் முச்சக்கரவண்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் தாயாரோ, "ஒரு ஏ-40 கிடைக்குமோ எண்டு பார் தம்பி. அதுக்குள்ளைதான் காலை நீட்டி இருக்கலாம்" என்றார். தேடி விசாரித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். எழுபது வயதை அணுகிய சாரதியும், அவரைவிடச் சற்று மூத்த காரும் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தனர்.

அது ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் என்னும் கார். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரிலுள்ள லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. இதற்கு முந்திய டெவன் என்னும் வகை 1947இல் வெளிவந்தது. இரண்டிலும் 1,200 கனசென்ரிமீற்றர் அளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரமே. இவற்றோடு, 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரும் அன்றைய இலங்கைத் தெருக்களை நிறைத்திருந்தது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி சுருங்கியது. 1977இல் பொருளாதாரக் கதவு திறக்கப்படும் வரை புதிய கார் வாங்குவது பெரும்பாலோருக்குக் கனவாகவே இருந்தது. உள்ளதைப் பேணுவதைத் தவிர வேறு வழியில்லாத அக்காலத்தில்தான் எம்மவர் கைகள் இந்தக் கார்களின் உள்ளுறுப்புகளை முழுமையாகக் கற்றுக்கொண்டன.

மண்டைதீவுச் சந்தியைக் கடந்து அல்லைப்பிட்டியை நெருங்குகையில் கார் இருமுறை திக்கித் திணறி நின்றுவிட்டது. நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். சாரதியோ சிரித்துக்கொண்டே இறங்கி மூடியைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு துண்டு அரத்தாளை எடுத்து, தீப்பொறிக்கு மின்னோட்டத்தை விட்டுவிட்டு அனுப்பும் இரு முனைகளுக்கிடையே இரண்டுமுறை இழுத்தார். வாயால் ஊதி மூடினார். ஐந்து நிமிடமும் ஆகவில்லை, கார் புறப்பட்டுவிட்டது.

"கணினிப்பெட்டி ஒண்டும் இல்லை, மாஸ்ரர்" என்றார் அவர். "கண்ணாலை பார்க்கலாம், கையாலை தொடலாம். என்ன வருத்தமெண்டு அதுவே சொல்லும்."

ஒரு பொருள் நெடுங்காலம் வாழ்வதற்கு அது உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. திறந்து பார்க்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் நான் உணர்ந்தேன்.

பின் இருக்கையில் இருந்த தாயாரின் நினைவு வேறோர் இரவுக்குச் சென்றுவிட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு வரும் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோலும் பற்றறியும் அத்தடைக்குள் அடங்கின. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் அருமையாகவும் பெருவிலைக்கும் கிடைத்தது. அந்த மண்ணெண்ணெயில்தான் எங்கள் பழைய கார்கள் ஓடின.

அது வெறும் துணிச்சலால் நடந்த காரியமன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபுரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு, முன்புறத்தில் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றி இயந்திரத்தை இயக்குவார்கள். அது நன்றாகச் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் இதைத் தாங்கிக்கொண்டன. பிற்காலத்து இயந்திரங்களுக்கு இது ஒவ்வாது. பிரித்தானியாவில் பேகுசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடும்படியே செய்யப்பட்டிருந்தது. வயலுக்கென்று வகுத்த முறையை எம்மவர் தெருவுக்குக் கொண்டுவந்தனர். கரும்புகை எழுந்தது, எரியாத எண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது, அதை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. ஆனாலும் நோயாளரும் மணமக்களும் இறந்தோரும் அந்தக் கார்களிலேயே பயணஞ்செய்தனர்.

1992ஆம் ஆண்டின் ஓர் இரவில், பேறுவலி கண்ட என் தமக்கையைத் தாயார் இத்தகையதொரு காரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார். வழியில் கார் நின்றது. சாரதி மருந்துப் போத்தலொன்றில் பொத்திப் பாதுகாத்த கடைசிப் பெற்றோல் துளிகளை ஊற்றி மீண்டும் இயக்கினார். விடியுமுன் பிள்ளை பிறந்தது. "அந்தப் போத்தல் இல்லாட்டி என்ன நடந்திருக்குமோ" என்று தாயார் இன்றும் சொல்வார். அந்தப் பிள்ளை இப்போது கடல் கடந்த நாடொன்றில், பழுதானால் மூடியைத் திறக்கவும் தெரியாத காரை ஓட்டுகின்றான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் காரில் ஆசனப்பட்டி உண்டு, மோதலில் உயிர் காக்கும் காற்றுப்பை உண்டு, புகையும் குறைவு. எங்கள் ஏ-40இல் இவற்றுள் ஒன்றும் இல்லை. பழையதெல்லாம் நல்லது என்று நான் வாதாட வரவில்லை.

ஆயினும் புதியதை வாங்கும் வாய்ப்பு எந்நாளும் நம் கையில் இருப்பதில்லை. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி பிறந்தது. அந்த ஆண்டுகளில் பழுதுபார்க்கத் தெரிந்தவரின் கைக்கு நாடு முழுவதும் மதிப்பு உயர்ந்தது.

ஊர்காவற்றுறைக் கரையில் இறங்கினோம். கடல் நடுவே கடற்கோட்டை வெயிலில் வெளுத்து நின்றது. தாயார் தம் சிறுவயது வீட்டின் அத்திவாரத்தையும் ஒரு கிணற்றையும் கண்டுபிடித்தார். வேறொன்றும் மிஞ்சவில்லை. கிணற்றுக்கட்டில் அமர்ந்து நீண்டநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்.

திரும்பும் வழியில் சாரதி தம் மனக்கவலையைச் சொன்னார். பழைய கார்களைச் சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவர் பெருந்தொகை தருவதாகக் கேட்டிருக்கிறார். வீட்டுக் கூரையை மாரிக்கு முன் மாற்றவேண்டும். மகன் விற்கச் சொல்கிறான். இந்தக் காரை நாற்பது ஆண்டுகளாகப் பழுதுபார்த்துவரும் கராஜ்காரருக்கோ கை நடுக்கம் கண்டுவிட்டது. கிடைக்காத உறுப்புகளை லேத்தில் கடைந்து பொருத்தியவர் அவர்தான். அவரிடம் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மட்டுமே வேலை பழகுகின்றான். "நான் என்ன செய்யட்டும், மாஸ்ரர்?" என்று கேட்டார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. கூரை ஒழுகும் வீட்டுக்காரரிடம் காரை விற்கவேண்டாம் என்று சொல்ல நான் யார்? பின்னாலிருந்து தாயாரே பேசினார்.

"வில்லு தம்பி, வில்லாமல் விடு, அது உன்ரை விருப்பம். ஆனால் விக்கிறதுக்கு முன்னம் அந்த மனிசனை வைச்சு எஞ்சினை முழுசாக் கழட்டி, அந்தப் பொடியனைக் கொண்டு திருப்பிப் பூட்டுவி. கார் போனாலும் கைவேலை போகக்கூடாது."

சாரதி ஒன்றும் சொல்லவில்லை. பண்ணைக் கடலைக் கடக்கும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். இயந்திரத்தைக் கழற்றிப் பதினொரு நாள் கராஜில் பரப்பி வைத்தார்களாம். முதியவர் நாற்காலியில் இருந்து சொல்லச் சொல்ல, பையனே ஒவ்வொன்றாகப் பூட்டினானாம். முதல்முறை இயங்கவில்லையாம். தவறு எங்கேயென்று முதியவர் சொல்லாமல் இருந்தாராம். மறுநாள் காலை பையன் தானாகவே அதைக் கண்டுபிடித்துவிட்டானாம்.

கார் விலைப்பட்டதா என்று கேட்டேன். "இன்னும் முடிவு செய்யேல்லை. அம்மாவிட்டைச் சொல்லிவிடுங்கோ, பொடியன் பழகிவிட்டான்" என்றார்.