பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, பந்து! பிளஸ் டூ படிக்கும் என் மூத்த பிள்ளை ஒரு நாள் வந்து, "அம்மா, கிளப்பில் என்னைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்" என்றான்.

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "முதலில் பரீட்சை எழுதட்டும்" என்றார். அன்று முதல் இருவருக்கும் இடையே தூது போவதே என் வேலையாயிற்று.

கால்பந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சேறு படிந்த காலுறையைத் துவைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே, பிள்ளை நாளெல்லாம் கொண்டாடும் சுனில் சேத்ரியின் கதையைப் படிக்க உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சேத்ரி 1984-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ராணுவத்தில் உத்தியோகம். மாற்றல் மேல் மாற்றல். அம்மா சுசீலாவோ, தம் இரட்டைச் சகோதரியுடன் நேபாளப் பெண்கள் அணியில் பந்தாடியவர்! படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நன்றாக ஆடினால் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்குமே என்றுதான் பையன் ஆடினாராம். 2002-ல், 17 வயதில், கல்கத்தாவின் மோகன் பகான் கிளப் அவரை அழைத்துக்கொண்டது. 1889-ல் பிறந்த கிளப். 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்தாரைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கிய கிளப். அங்கே ஏற்கெனவே பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். புதிய பையன் காத்திருக்க வேண்டியதுதான். மூன்று வருஷத்தில் தேசிய லீகில் அவர் போட்டது 8 கோல். 2005 ஜூனில் குவெட்டாவில், பாகிஸ்தானுக்கு எதிரே இந்தியாவுக்காக முதல் ஆட்டம், முதல் கோல். பிறகு தேசத்துக்காக 90-க்கு மேல் போட்டுவிட்டார். கல்கத்தாவில் அவரைப் பழக்கிய சுப்ரதா பட்டாச்சார்யா, 2017-ல் அவருக்கு மாமனாராகவே ஆகிவிட்டார்!

இரவு சாப்பாட்டின்போது இதையெல்லாம் ஒப்பித்தேன்.

"அந்த அம்மாளுக்குப் பந்தாடத் தெரியும். உனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர்.

"வளையப்பந்து தெரியும்" என்றேன். எப்படி வாயில் வந்ததோ! பள்ளிக்கூடத்தில் நான் ஆடியதும், வெளியூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும், "வயசுப் பெண்ணை ஊர் ஊராக அனுப்புவதா?" என்று அம்மா தடுத்துவிட்டதும்... கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவரிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. அவர் பேசாமல் மோர் விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஏண்டா, அந்தக் கிளப் எங்கே இருக்கிறது? பரீட்சையும் எழுத வேண்டும், தெரிந்ததா?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். நாங்கள் இருவரும் போயிருந்தோம். பிள்ளை தொண்ணூறு நிமிஷமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காலுறையை என்னிடம் எறிந்தான். அதில் ஒரு துளி சேறு இல்லை.

"மூன்று வருஷத்தில் எட்டே கோல்தாண்டா!" என்றேன் நான்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோசை இருக்கிறதா அம்மா?" என்றான்.