எல்லை தாண்டி வந்த எங்கள் கார்

புதிதாக வந்து குடியேறிய எம்மவர் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பேசுவது அவுஸ்வைஸ் பற்றி. இரண்டாவது கார் பற்றி. முதலாவது விடயம் எங்கள் கையில் இல்லை. இரண்டாவதில் நாங்கள் பட்ட அனுபவத்தை இங்கே எழுதுகிறோம். சுவிசில் இருந்துகொண்டு ஜேர்மனியில் கார் வாங்க எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கு இது ஏதாவது ஒரு விதத்தில் உதவும் என்று நம்புகிறோம்.

நாங்கள் இருப்பது வின்ரத்தூருக்கு வெளியே ஒரு சிறு கிராமத்தில். தொழிற்சாலையில் காலை வேலை ஐந்தரைக்குத் தொடங்கும். எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதே ஆறு மணிக்குக் கிட்ட. இரண்டு பனிக்காலம், கூட வேலை செய்த ஒரு போர்த்துக்கேயரின் காரில் தொற்றிக்கொண்டு போனோம். அவர் ஓய்வு பெற்றுத் தன் நாட்டுக்குத் திரும்பியதும், இனிச் சொந்தமாக ஒரு கார் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

சாரதி அனுமதிப்பத்திரம் முன்னரே மாற்றியிருந்தோம். இதையும் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். இலங்கை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் இங்கு வந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் அதை மாற்ற வேண்டும். அதற்குப் பரிசோதகரைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஓடிக் காட்ட வேண்டும். அதில் தவறினால் மறு தடவை கிடையாது. பழகுநராக ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் 2015ஆம் ஆண்டு ஸ்கோடா ஒன்றுக்கு 8,500 பிராங் கேட்டார்கள். அதே மாதிரியான கார் எல்லைக்கு அப்பால், ஜேர்மனியின் சிங்கன் நகரில், 8,092 யூரோவுக்கு இருந்தது. அந்த விலைக்குள் ஜேர்மனியின் 19 வீத வரியும் அடக்கம். நாட்டை விட்டுக் காரை வெளியே கொண்டுபோனால் அந்த வரி திரும்பக் கிடைக்கும் என்று சொன்னார்கள். எல்லா விற்பனையிலும் அப்படி அல்ல. விலைச்சீட்டில் வரி தனியாகக் காட்டப்படாத பழைய கார்களும் உண்டு. தனி ஆட்களிடம் வாங்கினாலும் திரும்பப் பெற ஒன்றும் இல்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இதைக் கேள்விப்பட்ட தெரிந்தவர் ஒருவர் வேறொரு வழி சொன்னார். "உதுக்கேன் இவ்வளவு பேப்பர்? சனிக்கிழமை பின்னேரம் சாமான் வாங்கப் போன சனத்தோட சனமா ஓடிக்கொண்டு வந்திட்டால் ஆர் பாக்கப் போறாங்கள்?" சுங்கத்திற்கு இங்கே 'ட்சொல்' என்று பெயர். மனைவி சிரித்துக்கொண்டே, "ட்சொல் எண்டால் சொல்லு எண்டுதானே இருக்கு. சொல்லிப்போட்டே வருவம்" என்றார். பகிடியாகச் சொன்னாலும் அதற்குள் ஒரு பயமும் இருந்தது. அந்தப் பயம் மனைவியின் தம்பியைப் பற்றியது.

மச்சானுக்கு எஃப் அவுஸ்வைஸ். தற்காலிகமாக இருக்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாங்கள் அகதியாக ஏற்கப்பட்டு பி அவுஸ்வைசும் நீலநிறப் பிரயாணப் புத்தகமும் பெற்றவர்கள். இலங்கையைத் தவிர மற்ற நாடுகளுக்குப் போய் வரலாம். எஃப் உள்ளவர்கள் முன்கூட்டியே அனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. நெருங்கிய உறவினரின் கடும் சுகவீனம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கே அந்த அனுமதி கிடைக்கும். கார் பார்க்கப் போகிறேன் என்றால் கிடைக்காது. ஐந்து வருடம் கடந்தபின் பி கேட்டு விண்ணப்பிக்கலாம். மச்சான் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில், மறைத்துக் கொண்டுவந்த காருக்குப் பக்கத்தில் அவர் நின்று பிடிபட்டால் என்ன ஆகும்?

ஆனால் எங்கள் குடும்பத்தில் கார் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாமா யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். பெற்றோல் வடக்கே வராமல் தடுக்கப்பட்ட தொண்ணூறுகளில், ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் ஒருவர். தகப்பனிடம் படித்த கைதான் மச்சானுடையது. எங்களுக்கோ பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பொனற்றைத் திறந்தால் தண்ணீர் ஊற்றும் இடம் மட்டுந்தான் தெரியும்.

"வீட்டிலிருந்தே போனில் சொல்லலாம்தானே" என்றோம்.

"எல்லை மட்டும் வாறன் அத்தான்" என்றார்.

2024ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலில் புறப்பட்டோம். வின்ரத்தூரிலிருந்து சாவ்கவுசன் போகும் பாதை றைன் நீர்வீழ்ச்சிக்கு அருகால் போகிறது. 150 மீற்றர் அகலம், 23 மீற்றர் உயரம். சுவிசுக்கு வந்த எம்மவர் எல்லோரும் முதன்முதலாகப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பும் இடம் அது. சாவ்கவுசனில் ரயில் மாறினால் சுவிஸ் பக்கத்தின் கடைசி நிலையம் தைங்கன். மச்சான் அங்கே இறங்கிக்கொண்டார். கதவு மூடியபின் கையைக் காட்டினார். நாங்கள் போகும் தூரம் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான்.

எல்லை தாண்டியதும் ஜேர்மன் பொலிசார் பெட்டிக்குள் வந்தார்கள். சுவிஸ் 2008 டிசம்பரிலிருந்து செங்கன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனாலும் 2023 ஒக்டோபரில் ஜேர்மனி இந்த எல்லையிலும் ஆட்களைச் சோதிப்பதை மீண்டும் தொடங்கியிருந்தது. நீலப் புத்தகத்தையும் அவுஸ்வைசையும் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். மச்சான் வந்திருந்தால் என்று நினைத்தபோது நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது.

சிங்கன் நகரத்தின் மேலே ஒரு பெரிய பாறை மலை நிற்கிறது. கோகென்ட்வீல் என்று பெயர். ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததாம். உச்சியில் இடிந்த கோட்டை ஒன்று தெரிகிறது. கீழே மகி தொழிற்சாலை. 1887ஆம் ஆண்டிலிருந்து அங்கே இருக்கிறது. ஊரில் நூடில்ஸ் பைக்கற்றில் பார்த்த மஞ்சள் சிவப்புப் பெயரை அந்தக் கட்டடத்தில் கண்டதும் மனைவிக்கு ஒரே ஆச்சரியம்.

கார் விற்பவர் சாவியைத் தந்தார். நாங்கள் போனைக் கையில் பிடித்தோம். தைங்கனில் ஒரு வாங்கில் இருந்துகொண்டு மச்சான் பேசினார்.

"முதல் பொனற்றில கை வையுங்கோ அத்தான். சூடோ?"

"இல்லை, குளிர்."

"அப்ப நல்லது. முன்கூட்டியே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருந்தால் சந்தேகப்பட வேணும். இப்ப ஸ்ராட் பண்ணிப்போட்டு போனைக் கிட்டக் கொண்டு போங்கோ."

எஞ்சின் சத்தத்தை அவர் ஒரு நிமிடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அக்கா, பின்னுக்குப் போய்ப் புகையைப் பார். நீலமா வருதோ?" என்றார். வரவில்லை. "முன் சில்லுக்குள்ள விரலை விட்டு பிறேக் தட்டைத் தடவுங்கோ. விளிம்பு மேடாய் இருக்கோ?" மேடாக இருந்தது. தேய்ந்த தட்டு, மாற்ற வேண்டும் என்றார். அதைச் சொல்லிக் கேட்டோம். வரியோடு 7,735 யூரோவுக்கு இறங்கி வந்தார் விற்றவர். வரி கழித்தால் 6,500. மீதி 1,235 யூரோவைப் பிணையாக வைத்துக்கொண்டு, கார் வெளியேறிய அத்தாட்சி கிடைத்ததும் திருப்பித் தருவதாக எழுத்தில் தந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு காரை எடுக்கப் போனோம். காரை இறக்குமதி செய்யும் சுங்கப் பகுதி வாரநாட்களில் அலுவலக நேரத்தில்தான் வேலை செய்யும். சனிக்கிழமை போய்ப் பயனில்லை. விற்றவர் ஏற்றுமதி இலக்கத்தகடு போட்டு வைத்திருந்தார். வலது ஓரத்தில் சிவப்புப் பட்டி, அதில் முடிவுத் திகதி. அதோடு காப்புறுதி, கொள்வனவு ஒப்பந்தம், ஜேர்மன் வாகனப் பத்திரங்கள் இரண்டு, தயாரித்தவரின் பொருத்தச் சான்றிதழ், ஏற்றுமதிப் பத்திரம். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு மனைவி மடியில் வைத்துக்கொண்டார்.

இங்கேதான் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். செங்கனில் இருக்கிறோம், எல்லை திறந்துதானே என்று நினைப்பார்கள். அது ஆட்களுக்கு. பொருட்களுக்கு அல்ல. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே முதலில் ஜேர்மன் சுங்கத்தில் ஏற்றுமதிப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டி வந்துவிட்டால் அந்த 19 வீதத்தை மறக்க வேண்டியதுதான். அதன் பின்னரே சுவிஸ் சுங்கம்.

தைங்கன் எல்லையில் பெரிய லொறிகளின் வரிசை. உள்ளே கருமபீடத்தின் முன் நின்றபோது காரணமில்லாமல் கை வேர்த்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் ஓமந்தையில் பையை அவிழ்த்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற சிறுவயது ஞாபகம் அது. அதிகாரியோ எங்கள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கடதாசிகளைப் பார்த்தார். கார் என்ன விலை என்று கேட்டார். கணினியில் தட்டினார். 2024 ஜனவரியிலிருந்து காருக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்றார். வாகன வரி 4 வீதம், அதையும் கூட்டி வந்த தொகைக்குப் பெறுமதி சேர் வரி 8.1 வீதம். 6,500 யூரோ அன்றைய மாற்றில் 6,175 பிராங். வரிகள் 247, 520 பிராங். கட்டினோம். 13.20 ஏ என்ற பரிசோதனைப் படிவத்தைத் தந்து, நல்ல பயணம் என்று வாழ்த்தினார். அவ்வளவுதான்.

வெளியே வந்து முதலாவது தரிப்பிடத்தில் மச்சான் நின்றார். காருக்குச் சொல்லுவதற்கு ஒரு வார்த்தையும் இல்லாதவர் போலச் சுற்றி வந்தார். பிறகு பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், பத்து நிமிடம் எடுக்கவில்லை. "சத்தம் போனில கேட்ட மாதிரித்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் கராஜ் ஒன்றில் அவரே பிறேக் தட்டுகளை மாற்றினார். வாகனப் பரிசோதனையில் ஒரே தடவையில் சித்தி. பிறகு இலக்கத்தகடு கிடைத்தது. இந்த நாட்டில் அந்த இலக்கம் காருக்கு உரியதல்ல, வைத்திருப்பவருக்கு உரியது. காரை விற்றாலும் தகடு எங்களிடந்தான் இருக்கும்.

கணக்கையும் ஒளிக்காமல் சொல்கிறோம். கார் 6,175, வரிகள் 767, ஏற்றுமதித் தகடும் அதன் காப்புறுதியும் 190, பரிசோதனையும் பதிவும் 250, பிறேக் வேலை 380. மொத்தம் 7,762 பிராங். இங்கே வாங்கியிருந்தால் 8,500. மிச்சம் 738 பிராங். அதில் ரயில் செலவும் இரண்டு நாள் சம்பளமும் போனால் பெரிதாக ஒன்றும் இல்லை. 1,235 யூரோ பிணைப்பணம் ஐந்து கிழமை கழித்தே வந்தது. அதுவரை கையில் பணம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

ஜேர்மனியில் இருந்து இங்கே குடிமாறி வரும் குடும்பங்களுக்கு வேறு சட்டம். ஆறு மாதமாவது சொந்தமாகப் பாவித்த காரை வீட்டுப் பொருட்களோடு வரியின்றிக் கொண்டுவரலாம். அவர்களும் எல்லையில் சொல்லித்தான் வர வேண்டும். எஃப், என் அவுஸ்வைஸ் உள்ள சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: பத்துக் கிலோமீற்றர்தானே என்று எண்ணி எல்லை தாண்ட வேண்டாம். யார் கூப்பிட்டாலும், எந்தக் கார் மலிவு என்றாலும் சரி. போய் வரக்கூடிய ஒருவரை அனுப்புங்கள். நீங்கள் போனில் இருங்கள்.

அந்தக் கார் கடதாசி சரியாக இருந்தபடியால் முக்கால் மணித்தியாலத்தில் எல்லை தாண்டியது. மச்சானின் கடதாசி இன்னும் வரவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக றைன் நீர்வீழ்ச்சி பார்க்கப் போனோம். திரும்பும் வழியில் அவர் தானே ஓட்டி, தைங்கன் வரை கொண்டுபோய், சுங்கத்திற்கு முன்னால் வளைத்துத் திருப்பினார்.

"பி வரட்டும் அத்தான். முதல் ஓட்டம் சிங்கனுக்குத்தான். அக்கா சொன்ன அந்த மலையில ஏறிப் பாக்க வேணும்" என்றார்.

அந்த நாளுக்காக நாங்களும் காத்திருக்கிறோம்.